ஸ்காட்லாந்துத் தீவுகளில் குளிர்காலப் பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாஸ்கோவுக்கு வந்து மூன்றாவது குளிர்காலத்தில் முதல் தடவையாக ஐலா தீவுக்குப் போனேன். அதற்கப்புறம் ஒரு வருடம்கூட விட்டதில்லை. ஐலா, ஆர்க்னி, ஷெட்லாந்து, ஹெப்ரிடீஸ் என்று மாற்றி மாற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன். அக்டோபர் வந்தாலே நண்பர்களும், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சொல் பற்றி ஒரு விளக்கம். தமிழில் சின்னதையும் பெரியதையும் வாத்து என்றே சொல்லிவிடுகிறோம். இங்கே அது குழப்பும். புல்வெளியில் கூட்டமாக மேயும் பெரிய வகையைக் கூஸ் என்றும், தண்ணீரிலேயே இருக்கும் சிறிய வகையை வாத்து என்றும் எழுதுகிறேன்.

குளிர்காலத்துல பறவையெல்லாம் தெற்கே போயிடுமே, அங்க போய் எதைப் பாக்கறது?

தெற்கு என்பது எங்கிருந்து கிளம்புகிறோம் என்பதைப் பொறுத்தது. கிரீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் குஞ்சு பொரித்த பறவைகளுக்கு இந்தத் தீவுகள்தான் தெற்கு. நமக்கு உலகத்தின் வடகோடி மாதிரி தெரிகிற இடம், அவற்றுக்குக் குளிருக்கு ஒதுங்கும் வீடு. வட ஆசியாவின் வாத்துகள் வேடந்தாங்கலுக்கு வருவதும் இதே காரணத்தால்தான்.

அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் இந்தக் கரைகளைத் தொட்டுப் போவதால் கடல் உறைவதில்லை. நிலமும் நாள்கணக்கில் உறைந்து கிடப்பது அபூர்வம். புல் பச்சையாக இருக்கும், கடலில் நண்டும் மீனும் கிடைக்கும். அதனால் கூஸ்கள், ஊப்பர் அன்னங்கள், முங்கி மீன் பிடிக்கும் டைவர் பறவைகள், நீள்வால் வாத்துகள், ஆர்க்டிக் கடற்காகங்கள் எல்லாம் வந்து சேரும். எங்கும் போகாமல் இங்கேயே இருக்கும் கழுகும் பூனைப்பருந்தும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

அந்த கலர் மூக்குப் பறவை, பஃபின், அதைப் பாக்கலாமா?

முடியாது. பஃபின் ஏப்ரலில் கரைக்கு வந்து ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் போய்விடும். மிச்ச மாதங்கள் முழுக்க நடுக்கடலில்தான். அலகின் வண்ணத் தகடுகள்கூட உதிர்ந்து மங்கிப் போயிருக்கும். பஃபின்தான் வேண்டும் என்றால் ஜூனில் போங்கள்.

மூணு நாள்தான் லீவு. ஒரே ஒரு தீவு சொல்லுங்க.

ஐலா. யோசிக்கவே வேண்டாம். கென்னக்ரேக் துறைமுகத்திலிருந்து கப்பலில் சுமார் இரண்டு மணி நேரம். கிளாஸ்கோவிலிருந்து விமானமும் உண்டு, முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். பார்னக்கிள் கூஸ்கள் பல்லாயிரக்கணக்கில் கூடும் இடம் இது. ஸ்காட்லாந்தில் சிவப்பு அலகும் சிவப்புக் காலும் கொண்ட சஃப் என்ற காக்கை மிஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று. 'ஓ' என்ற தீபகற்பத்தின் பாறை முகட்டில் அது காற்றில் சுழன்று விழுந்து எழும்போது, பறப்பதில் அதற்கு உள்ள சந்தோஷம் நமக்கே தெரியும்.

ஐந்து நாள் இருந்தால் ஆர்க்னி. ஒரு வாரம் இருந்தால் ஷெட்லாந்து. ஷெட்லாந்துக்கு அபெர்டீனிலிருந்து ராத்திரிக் கப்பலில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், குறைந்த நாளில் போய்வருவது வீண் அலைச்சல். பொன்னிறக் கழுகுதான் மனதில் இருக்கிறது என்றால் ஹாரிஸ் தீவு. அங்கே மீவேக் பள்ளத்தாக்கில் கழுகு பார்ப்பதற்கென்றே ஒரு சின்னக் குடில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

எந்த மாசம் போனா நல்லது?

அக்டோபர் கடைசியில் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும். கூஸ்கள் வந்து இறங்கும் காலம் அது. வெளிச்சமும் ஓரளவு உண்டு. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

எனக்குப் பிடித்தது பிப்ரவரி. பகல் நீளத் தொடங்கியிருக்கும், ஏப்ரலில்தான் கூஸ்கள் கிளம்பும் என்பதால் எல்லாம் இன்னும் அங்கேயே இருக்கும். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதிவரை அனுபவம் உள்ளவர்களுக்குத்தான். அப்புறம், ஜனவரி கடைசிச் செவ்வாய் அன்று ஷெட்லாந்தின் லெர்விக் ஊரில் 'அப் ஹெலி ஆ' என்ற தீத்திருவிழா நடக்கும். அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பகல் எவ்வளவு நேரம் இருக்கும்?

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் லெர்விக்கில் சூரியன் ஒன்பது மணிக்கு மேல் உதித்து மூன்று மணிக்குள் மறைந்துவிடும். ஆறு மணி நேரம்கூட இல்லை. ஆர்க்னியில் இதைவிடக் கொஞ்சம் கூடுதல், ஐலாவில் ஏழு மணி நேரம் கிடைக்கும்.

நேரத்தைவிட முக்கியம் வெளிச்சம் வரும் கோணம். அந்த நாட்களில் லெர்விக்கில் உச்சிப் பொழுதிலும் சூரியன் ஏழு டிகிரிக்கு மேல் ஏறாது. தெற்கே பார்த்து நின்றால் கடல் முழுக்கக் கண்ணாடி மாதிரி மின்னும், பறவை வெறும் கறுப்பு நிழல்தான். அதனால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, வடக்கே பார்த்த கரையைத் தேர்ந்தெடுங்கள். அப்போது அதே தாழ்ந்த சூரியன் பறவையின் ஒவ்வொரு இறகையும் தேன் நிறத்தில் காட்டும்.

எங்க அம்மா சென்னையிலேருந்து வராங்க, அறுபத்தி ரெண்டு வயசு. அந்தக் குளிர் தாங்குவாங்களா?

தாங்குவார்கள், காற்றுக்குத் தயாராக வந்தால். மைனஸ் இருபதெல்லாம் இங்கே கிடையாது. ஜனவரியில் பகலில் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு டிகிரிதான். ஆனால் காற்று விடாமல் அடிக்கும், மழை பக்கவாட்டில் வரும். தடித்த ஒற்றை ஸ்வெட்டரை நம்பாமல், உள்ளே கம்பளி பனியன், நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், பேன்ட் என்று அடுக்காகப் போடுங்கள். கையுறை இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று நிச்சயம் நனையும்.

குடை வேண்டவே வேண்டாம். முதல் நிமிடமே மடங்கிவிடும். பெரியவர்கள் காரை விட்டு இறங்காமலே முக்கால்வாசிப் பறவைகளைப் பார்த்துவிடலாம். கார் எப்படி உதவுகிறது என்பதைக் கீழே கூஸ்களை நெருங்குவது பற்றிய கேள்வியில் பாருங்கள்.

ஃபெர்ரி கேன்சல் ஆயிட்டா என்ன பண்றது?

ஆகும் என்று நினைத்தே திட்டம் போடுங்கள். குளிர்காலத்தில் இது சாதாரணம். திரும்பி வந்த மறுநாளே வேலைக்குப் போக வேண்டும், விமானம் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், நடுவில் ஒரு நாள் விடுங்கள். கப்பல் ரத்தானால் கம்பெனியே அடுத்த கப்பலுக்கு மாற்றித் தரும். ஆனால் தங்கும் அறைக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். அறையைப் பதிவு செய்யும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை நான் இதைக் கவனிக்காமல் இரண்டு ராத்திரிக் காசை இழந்தேன். அந்த இரண்டு நாளும் கென்னக்ரேக் பக்கத்துக் கடற்கரையில்தான் கழிந்தன. மேற்கு லாக் டார்பெர்ட் என்ற நீண்ட குறுகலான கடல்வாய் அது. ஐலா கப்பலே அதன் வழியாகத்தான் போகிறது. கப்பல் ஓடினால் அறைக்குள் உட்காராமல் மேல்தளத்தில் நில்லுங்கள். டைவர்களும், குளிர்காலத்தில் வெள்ளையும் சாம்பலுமாக மாறிவிடும் கறுப்பு கில்லிமாட் என்ற கடற்பறவையும் இரண்டு பக்கமும் தென்படும். ஷெட்லாந்துக் கப்பலில் இது நடக்காது, அது ஓடுவது முழுக்க இருட்டில்.

வண்டி ஓட்டத் தெரியாது. பஸ்ல சுத்த முடியுமா?

சிரமம். கிளாஸ்கோவிலிருந்து கேம்பெல்டவுன் போகும் பஸ் கென்னக்ரேக்கில் நிற்கும், அதுவரை பிரச்சினை இல்லை. தீவுக்குள் பஸ் மிகக் குறைவு. கார் இல்லாவிட்டால் ஐலாவில் போமோர் ஊரில் தங்குங்கள். லாக் இன்டால் என்ற பெரிய விரிகுடா ஊரின் வாசலிலேயே இருக்கிறது. ஸ்கோப் வாத்து, டைவர், வெளிர்வயிற்று பிரென்ட் கூஸ் எல்லாம் நடந்தே பார்க்கலாம்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று: ஒற்றைத் தடச் சாலைகளில் ஒதுங்குவதற்கென்று விட்டிருக்கும் இடங்களில் பறவை பார்க்க வண்டியை நிறுத்தாதீர்கள். பின்னால் வருகிறவர் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் உள்ளூர்க்காரராக இருப்பார்.

சைவம். அங்க என்ன கிடைக்கும்?

பெரிய ஊர்களில் சூப்பர்மார்க்கெட் உண்டு. சின்ன கஃபேக்கள் பல குளிர்காலத்தில் மூடியிருக்கும், லூயிஸ், ஹாரிஸ் பக்கம் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாகக் கடைப்பிடிக்கும் வழக்கம் இன்றும் வலுவாக இருக்கிறது. சமையலறை உள்ள வீடாக எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போவோம். அது குளிரில் கெடவே கெடாது.

பைனாகுலர் போதுமா, டெலஸ்கோப் வாங்கணுமா?

முதல் பயணத்துக்கு 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. லென்ஸ்) போதும். அதிக உருப்பெருக்கம் வாங்கினால் அடிக்கிற காற்றில் கை நடுங்குவதும் சேர்ந்து பெரிதாகும், மங்கல் வெளிச்சத்தில் படமும் இருளும். கடலில் மிதக்கும் பறவைகளை அடையாளம் காண ஆசை வந்தால்தான் டெலஸ்கோப். அதற்கும் விலை உயர்ந்த டெலஸ்கோப், மெலிந்த முக்காலி என்று வாங்காதீர்கள். கனமான முக்காலிதான் இந்தத் தீவுகளில் உங்களைக் காப்பாற்றும்.

கூஸ் கூட்டத்தைக் கிட்டப் போய் போட்டோ எடுக்கலாமா?

காரிலிருந்து எடுங்கள். ஜன்னலை இறக்கி, எஞ்சினை அணைத்து, பேசாமல் உட்கார்ந்தால் கூஸ்கள் காரை ஒரு பாறையாக எடுத்துக்கொள்ளும். கதவைத் திறந்த மறுகணம் ஐந்நூறு கழுத்துகள் ஒன்றாக நிமிரும். இன்னும் இரண்டடி வைத்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான நிலங்களில் நடக்கும் உரிமை நமக்கு உண்டுதான். ஆனால் பொறுப்போடு நடக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. வெளிச்சம் இருக்கும் ஏழு மணி நேரத்தில் அவை வயிறு நிறைய மேய வேண்டும். நாம் ஒரு தடவை எழுப்பினால் அந்த மேய்ச்சலும் போச்சு, பறக்கச் செலவழித்த சக்தியும் போச்சு.

உட்கார்ந்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். ஐலாவின் கிருய்னார்ட் கடல்வாயில் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி.யின் சரணாலயம் இருக்கிறது. அங்கே சேற்றுத் திட்டில் இரவைக் கழித்த பார்னக்கிள் கூஸ்கள் விடியும்போது வயல்களுக்கு வரும். முதலில் சத்தம்தான், தூரத்தில் நூறு நாய்க்குட்டிகள் ஒன்றாகக் குரைப்பது போல. பிறகு வானத்தின் ஒரு ஓரம் அசையும். தலைக்கு மேலே வரும்போது குரைப்புக்குக் கீழே இன்னொரு ஓசை கேட்கும். அது இறக்கைகள் காற்றை உரசும் சீறல். இறங்கியதும் சண்டை, தள்ளுமுள்ளு, அப்புறம் திடீரென்று அமைதி. பாலேடு நிற முகமும் கறுப்புக் கழுத்துமாக எல்லாம் குனிந்து மேயும். காது கொடுத்தால் புல் அறுபடும் சரசரப்புகூடக் கேட்கும். ஓரத்தில் நிற்கும் ஒன்றிரண்டு மட்டும் தலையை உயர்த்தியே நிற்கும். குடும்பமாக வந்தவை குடும்பமாகவே மேயும், பக்கத்துக் குடும்பம் எல்லை தாண்டினால் அப்பா கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிப்போய் விரட்டும்.

பார்னக்கிள்னா கப்பல் அடியில ஒட்டுற சிப்பி மாதிரி ஒண்ணுதானே? அந்தப் பேரு ஏன்?

ஆமாம், அதேதான். இடைக்காலத்தில் இந்தப் பறவை முட்டையிட்டு யாரும் ஐரோப்பாவில் பார்த்ததில்லை. ஆர்க்டிக்கில் கூடு கட்டுகிறது என்பது அப்போது தெரியாது. அதனால் கடலில் மிதந்து வரும் மரக்கட்டைகளில் ஒட்டியிருக்கும் பார்னக்கிளிலிருந்துதான் இது பிறக்கிறது என்று நம்பினார்கள். அந்தப் பார்னக்கிளின் கறுப்பு வெள்ளை நிறமும், கழுத்து போல நீண்ட தண்டும் அந்த நம்பிக்கைக்குத் துணை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வேல்ஸைச் சேர்ந்த ஜெரால்ட் இதை எழுதியே வைத்திருக்கிறார். முட்டையில் பிறக்காதது இறைச்சி ஆகாது என்று சொல்லி நோன்பு நாட்களில் இதைச் சாப்பிட்டவர்களும் உண்டு.

உண்மை அந்தக் கதையைவிட வியப்பானது. கிழக்கு கிரீன்லாந்தின் செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டுகிறது. பறக்கத் தெரியாத குஞ்சுகள் அங்கிருந்து கீழே குதித்துத்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. ஐலா வயலில் நீங்கள் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை அந்தக் குதியில் பிழைத்தவை.

கூட்டத்துல ப்ரவுன் கலர்ல சிலது இருந்துச்சு. அதுங்க குட்டியா?

இல்லை, அது வேறு இனம்: கிரீன்லாந்து வெண்நெற்றி கூஸ். ஆரஞ்சு அலகு, அலகின் அடியைச் சுற்றி வெள்ளைப் பட்டை, வயிற்றில் கறுப்புக் கோடுகள். இளசுகளுக்கு வெள்ளைப் பட்டையும் கோடும் இருக்காது. பார்னக்கிளை விடக் கூச்சம் அதிகம், சின்னக் கூட்டமாக ஈரமான மூலைகளில் மேயும்.

இவற்றைக் கண்டால் கொஞ்சம் நேரம் கூடுதலாக நில்லுங்கள். 1990-களின் கடைசியில் உலகம் முழுக்க 35,000 அளவுக்கு இருந்தவை இன்று 20,000-க்கும் கீழே. மேற்கு கிரீன்லாந்தில் வசந்தத்தில் பனி அதிகம் விழுவதால் குஞ்சு பொரிப்பது குறைந்துபோனது முக்கியக் காரணம். ஐலாவில் இவை இரவு தங்கும் டூய்க் மாஸ் என்ற சதுப்பில் விஸ்கி தயாரிப்பில் எரிக்கும் பீட் என்ற சதுப்பு மண்ணை வெட்டும் திட்டம் வந்து, 1985-ல் பெரிய சண்டையே நடந்தது. சதுப்பு தப்பித்தது.

கடல்ல தூரமா ஒரு கறுப்புப் புள்ளி, பாக்குறதுக்குள்ள முங்கிடுது. எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதலில் இடத்தை மாற்றுங்கள். ஆர்க்னியில் ஸ்காப்பா ஃப்ளோ என்ற விரிகுடாவின் கிழக்கு ஓரத்தில் சர்ச்சில் தடுப்புகள் என்று நான்கு கல்லணைகள் உண்டு. 1939 அக்டோபரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி உள்ளே புகுந்து 'ராயல் ஓக்' போர்க்கப்பலை மூழ்கடித்த பிறகு, இத்தாலியப் போர்க்கைதிகளின் உழைப்பையும் கொண்டு கட்டியவை. மேலே சாலை ஓடுகிறது. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் மறுபக்கம் அமைதியாக இருக்கும், பறவைகளும் அங்கேதான் ஒதுங்கும்.

அடுத்து, புள்ளி முங்கியதும் பைனாகுலரை இறக்கி வெறும் கண்ணால் அகலமாகப் பாருங்கள். அது ஒரு நிமிடம்வரை உள்ளே இருந்து வேறெங்கோ எழும். கனத்த உடல், கத்தி மாதிரி நேராக நீட்டிய அலகு, நெற்றியில் ஒரு மேடு என்றால் கிரேட் நார்தர்ன் டைவர். மெலிந்து, அலகைச் சற்றே மேல்நோக்கிப் பிடித்திருந்தால் செங்கழுத்து டைவர். நீர்மட்டத்தில் பின்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தால் கருங்கழுத்து டைவர். ஒரு ஜனவரியில் அணையின் கல்லுக்குப் பத்தடி தள்ளி ஒரு கிரேட் நார்தர்ன் நண்டோடு எழுந்தது. நண்டை உதறி உதறிக் காலாகக் கழற்றிப் போட்டது. பிறகு உடலைத் திருப்பி ஒரே விழுங்கு. தொண்டையில் அது இறங்குவது வெளியே தெரிந்தது.

சத்தத்தையும் விடாதீர்கள். நீள்வால் வாத்தை ஆர்க்னிக்காரர்கள் 'காலூ' என்பார்கள், அதன் கூவலே அதுதான். காற்று ஓய்ந்த மாலையில் விரிகுடா முழுக்க அந்தக் குரல் மிதக்கும்.

பூனைப்பருந்து கூட்டமா தூங்குற இடம் ஆர்க்னில எங்கன்னு சொல்லுங்களேன்?

இடத்தை எழுதமாட்டேன். ஹென் ஹாரியர் என்ற இந்தப் பூனைப்பருந்து, பிரதான நிலப்பகுதியில் வேட்டையாடுவதற்காகப் பறவை வளர்க்கும் மேட்டுநிலங்களில் நீண்ட காலமாகச் சட்டவிரோதமாகக் கொல்லப்படுகிறது. ஆர்க்னியில் அந்தத் தொல்லை இல்லை. இரையும் தாராளம். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்களோடு வந்து சேர்ந்த ஆர்க்னி வயலெலிதான் அது. குட்டைக்காது ஆந்தையும் அதை நம்பித்தான் பட்டப்பகலில் வயல்மேல் தாழப் பறந்து வேட்டையாடுகிறது.

தங்குமிடம் தேடாமலே பார்க்க முடியும். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது கோரை வளர்ந்த சதுப்பு தெரியும் ஒரு சாலையோரத்தில் காரை நிறுத்தி உட்காருங்கள். சாம்பல் நிற ஆண், இறக்கை நுனி மையில் தோய்த்தது போல இருக்கும். பழுப்புப் பெண்ணுக்கு வாலடியில் வெள்ளை. அவை இறங்கும் இடத்தை நோக்கி நடக்காதீர்கள், இருட்டிய பிறகு எழுப்பப்பட்ட பறவைக்கு வேறு இடம் கிடைக்காது.

ஐலாவுல கூஸைச் சுடறாங்களாமே? பாதுகாக்கப்பட்ட பறவைதானே?

பார்னக்கிளைச் சுட்டது உண்மைதான். 1959-ல் கிரீன்லாந்துப் பார்னக்கிள்கள் மொத்தமே 8,300 அளவுதான். பாதுகாப்பு கிடைத்ததும் பெருகி 2013-ல் 80,000-ஐத் தாண்டின. அதில் பெரும் பங்கு வந்து மேய்வது ஐலாவின் விவசாயிகள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வளர்க்கும் புல்லை. அரசு இழப்பீடு தருகிறது. 2014-ல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தில், எண்ணிக்கையை 25 முதல் 35 சதவீதம்வரை குறைக்கச் சுடவும் அனுமதித்தார்கள். பறவைப் பாதுகாப்பு அமைப்புகள் இதை எதிர்த்தன.

என் மனதுக்கு இது ஒப்பவில்லை. சுடும் சத்தத்தில் பக்கத்தில் மேயும் வெண்நெற்றிகளும் கலைகின்றன, அவற்றின் நிலைமையை மேலே சொன்னேன். ஆனாலும் ஒரு விவசாயியோடு வேலியோரம் நின்று பேசியிருக்கிறேன். மார்ச்சில் அவர் வயல் மொட்டையாகக் கிடந்தது. இழப்பீட்டை உயர்த்திச் சுடுவதைக் குறைப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். அந்தச் செலவு அவர் ஒருவர் தலையில் விழக்கூடாது.

செத்த பறவை கிடந்தா என்ன பண்றது? பறவைக் காய்ச்சல் பயமா இருக்கு.

தொடாதீர்கள், குழந்தைகளையும் நாயையும் தள்ளி வையுங்கள், அரசின் இணையதளத்தில் தெரிவியுங்கள். 2021-22 குளிர்காலத்தில் சால்வே கழிமுகத்துக்கு வரும் ஸ்வால்பார்டு பார்னக்கிள்களில் மூன்றில் ஒரு பங்கு இந்த நோயில் போய்விட்டது. வயலில் நடந்த பூட்ஸைக் கழுவிவிட்டு அடுத்த தீவுக்குப் போங்கள், நோயை நாம் சுமந்து போகக்கூடாது.

மூணு நாளும் புயலடிச்சா என்னதான் பண்றது?

துறைமுகத்துக்குப் போங்கள். லெர்விக், கிர்க்வால், ஸ்டோர்னோவே மூன்றிலும் மீன்படகுகள் ஒதுங்கும் இடத்தில் கடற்காகங்கள் குவியும். ஒவ்வொன்றின் இறக்கை நுனியையும் பாருங்கள். கறுப்பே இல்லாமல் வெளுத்திருந்தால் அது ஆர்க்டிக்கிலிருந்து வந்த ஐஸ்லாந்துக் கடற்காகம் அல்லது அதைவிடப் பெரிய கிளாக்கஸ் கடற்காகம். கீழே பாசிக் கற்களில் கல்லைப் புரட்டி இரை தேடும் டர்ன்ஸ்டோன் ஓடிக்கொண்டிருக்கும். கோடியக்கரையில் குளிர்காலத்தில் பார்க்கிற அதே இனம். பக்கத்திலேயே, அலை மோதித் தெறிக்கும் இடத்தில், ஊதா உள்ளான் நனையாமல் ஒதுங்கி ஒதுங்கி மேயும்.

புயல் வடக்கிலிருந்து அடித்தால் லிட்டில் ஆக் என்ற மைனா அளவுக் கடற்பறவை நடுக்கடலிலிருந்து கரைக்குத் தள்ளப்படும். சில சமயம் சாலையிலேயே கிடக்கும். தரையிலிருந்து எழும்ப அது திணறும். கையுறை போட்டு எடுத்து, மூடிய அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, உள்ளூர் கால்நடை மருத்துவருக்கோ, ஸ்காட்டிஷ் எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்புக்கோ போன் செய்யுங்கள். தண்ணீரோ தீனியோ கொடுக்காதீர்கள். காயம் இல்லை என்று அவர்கள் சொன்னால் காற்று படாத கரையில் தண்ணீரின் விளிம்பில் விட்டுவிடலாம். தண்ணீர் பட்டதும் முங்கி, இருபதடி தள்ளி எழும்.